காக்கும் மருந்தா, கொல்லும் நஞ்சா?

பூதலூரில் ஒரு கூலித் தோழன் நள்ளிரவில் மாண்டு போகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். வாந்தி எடுத்தான், நாடி தளர்ந்தது, அடங்கினான். ‘மாரடைப்பு’ என்கிறது ஊர். மறுநாள் சுடுகாடு, அதற்கடுத்த நாள் பால்! எதனால் செத்தான் என்று கேட்க நாதியுண்டா?

கேட்கத்தான் வேண்டும் என்கிறோம் நாம்.

டிஜாக்சின் என்றொரு மாத்திரை. தளர்ந்த இதயத்துக்குத் தெம்பூட்டும். அளவு மீறினால் அதே இதயத்தை நிறுத்தும். ஒரு மில்லி இரத்தத்தில் இரண்டு நானோகிராமைத் தாண்டினாலே ஆபத்து. ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் நானோகிராம்!

இந்த இனத்து நஞ்சான டிஜிட்டாலிஸைக் கொடுத்து ஒரு விதவையைக் கொன்றதாக, 1864-இல் பாரிசில் லா பொம்மரே எனும் மருத்துவன் கூண்டிலேறினான். அந்நாளில் ஏது கருவி? தார்தியூ எனும் பேராசிரியர், அவள் வாந்தி தோய்ந்த தரையைச் சுரண்டிச் சாறெடுத்துத் தவளைக்குச் செலுத்தினார். தவளையின் இதயம் நின்றது. பொம்மரேயின் தலை உருண்டது!

2003-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மருத்துவமனை நோயாளிகளின் இரத்தத்தில் காரணமின்றி டிஜாக்சின் ஏறியது. நச்சுத் தகவல் மையம் ஜூலையிலேயே எச்சரித்தது. சார்லஸ் கல்லன் எனும் செவிலியன் பிடிபட்டதோ டிசம்பரில்! ஆய்வுக்கூடம் சொன்னால் போதாது, கேட்கக் காது வேண்டும்.

அமெரிக்கா கிடக்கட்டும், நம் வேலியோரம் வாருங்கள். மஞ்சள் அரளிக் கொட்டையின் நஞ்சும் டிஜாக்சினும் பங்காளிகள். டிஜாக்சினுக்கான சாதாரண இரத்தப் பரிசோதனை, அரளி தின்றவனிடமும் ‘இருக்கிறது’ என்றே சொல்லும். பிரித்தறிய நிறைமாலைக் கருவி வேண்டும். இன்னொரு சங்கடம்: உயிர் போன பின் மருந்து தசையிலிருந்து கசிந்து, இதயத்து இரத்தத்தில் கூடிவிடும். ஒழுங்காக மாத்திரை தின்று இயற்கையாய் இறந்தவனும் நஞ்சுண்டவனாகத் தெரிவான். பழி யார் தலையில்? சோறு போட்ட மனைவி தலையில்! ஆகவேதான் தொடை இரத்தக் குழாயிலிருந்து எடு என்கிறது தடயவியல்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமானால் தடயவியல் வல்லுநர் இடத்துக்கே வரவேண்டும் என்கிறது. அதைச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. சரி, குற்றமென்று பதிவானால்தானே வருவார்? ‘சந்தேக மரணம்’ என்று எழுதி மூடிய தாளுக்கு எவர் வருவார்? 1849-லேயே சென்னையில் இரசாயனப் பரிசோதனைக் கூடம் கண்ட நாட்டில் இந்தக் கேள்வி!

தோழர்களே, ஊரில் அப்படியொரு சாவு விழுந்து பிணப் பரிசோதனைக்குப் போனால், இறந்தவர் தின்ற மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தொடை இரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். எதைத் தேடச் சொல்லி ஆய்வுக்கூடத்துக்கு எழுதினார்கள் என்றும் கேளுங்கள்.