வாசிக்கத் தெரியாதவர்களின் இசைத்தட்டுகள்

சிற்றிதழ் வாசகர்கள் கூடும் இடங்களில் பங்க் இசையைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு எதிர்வினைகள் தவறாமல் வந்து விழுகின்றன. அது வெள்ளைக்காரப் பையன்களின் கூச்சல், நமக்கென்ன என்பது ஒன்று. அவர்களுக்கு வாத்தியம் வாசிக்கவே தெரியாதே என்பது மற்றொன்று. முதலாவதை அறியாமை என்று விட்டுவிடலாம். இரண்டாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், ரசனையுள்ளவர்கள் என்பதால் அதை அப்படி விட எங்களுக்கு மனமில்லை. இந்தக் குற்றச்சாட்டு நமக்குப் பழக்கமானதும்கூட. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது, யாப்பு தெரியாதவர்களின் வேலை என்றுதான் பண்டிதர்கள் அதை ஒதுக்கினார்கள். அன்றைய வழக்கில் செல்லப்பாவின் பக்கம் நிற்கும் நாம், இசை என்றதும் பண்டிதரின் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வது என்ன நியாயம்?

1976 ஏப்ரலில் வெளிவந்த ராமோன்ஸ் குழுவின் முதல் தொகுப்பில் 14 பாடல்கள். மொத்தம் 29 நிமிடங்கள். அதே கோடையில் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி குமாஸ்தா 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற இதழைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, விற்கத் தொடங்கினார். 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவினர் கடன் வாங்கிய பணத்தில் நான்கு பாடல்களைத் தாங்களே இசைத்தட்டாகப் போட்டார்கள். முதலில் ஆயிரம் பிரதிகள். கடன், நகலெடுத்த தாள், ஆயிரம் பிரதி: பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட எந்தத் தமிழனுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்த செல்லப்பாவுக்கு இந்தப் பையன்களின் இசை பிடித்திருக்காது. அவர்களுடைய பிழைப்பு நிச்சயம் புரிந்திருக்கும்.

அரை நூற்றாண்டு ஆகியும் இத்தொகுப்புகள் ஏன் கேட்கப்படுகின்றன? பழம்பெருமை என்பார்கள். பழம்பெருமை எங்களுக்குப் புதிதல்ல. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைக்குக் கழுகுகள் வருவது நின்று கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஊர்ப்பெயரைச் சொன்னதும் கேட்கப்படும் முதல் கேள்வி இன்றும் அதைப் பற்றியதுதான். வராத கழுகுக்காக அண்ணாந்து பார்ப்பது பழம்பெருமை. இந்த இசைத்தட்டுகளின் கதை வேறு. இவற்றில் தையல் வெளியே தெரிகிறது. வயர் குழுவின் 'பிங்க் ஃப்ளாக்' (1977) 35 நிமிடங்களில் 21 பாடல்களைச் சொல்லி முடிக்கிறது. சொல்ல வேண்டியது தீர்ந்ததும் பாட்டு நின்றுவிடுகிறது. கேங் ஆஃப் ஃபோரின் 'என்டர்டெய்ன்மென்ட்!' (1979) தொகுப்பில் கிட்டார் ஒலிப்பதைவிட ஒலிக்காமல் விடும் இடங்கள் முக்கியமானவை. ஜாய் டிவிஷனின் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்' (1979) தொகுப்பில் முரசும் குரலும் தனித்தனி அறைகளிலிருந்து வருவதைப் போலிருக்கின்றன. (அதன் அட்டையிலுள்ள வெள்ளைக் கோடுகள் ஒரு துடிப்பு விண்மீனின் வானொலி அலைகள். அந்தச் சட்டையை அணிந்து திரிபவர்கள் எல்லோரும் தட்டைக் கேட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.) கேட்பவருக்கு எது எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது; நாமும் செய்யலாம் என்ற துணிவு பிறக்கிறது. மகாவித்வானின் கச்சேரி முடிந்ததும் கைகூப்பி வெளியே வருகிறோம். இதைக் கேட்டு முடித்தவர்களில் சிலர் நேரே போய் ஒரு குழுவைத் தொடங்கினார்கள்.

இதற்குச் சாட்சி தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வயர் குழுவின் மெட்டை எடுத்தாண்டு, அதற்காக நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமும் செய்துகொண்டது தொண்ணூறுகளின் எலாஸ்டிகா குழு. அக்குழு 2000இல் வெளியிட்ட தொகுப்புக்கு அட்டை வரைந்தவர், லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மீண்டும் லண்டனுக்குப் போன மாதங்கி அருள்பிரகாசம். எலாஸ்டிகாவின் இசைப்பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில் அவருக்கு ஒரு தாளக்கருவி அறிமுகமாயிற்று. முறையான பயிற்சி எதுவும் இல்லை. 2005இல் தந்தையின் பெயரால் 'அருளர்', 2007இல் தாயின் பெயரால் 'கலா'. இரண்டாவது தொகுப்புக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தார். அதில் உலகெங்கும் ஒலித்த 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டின் அடித்தளம், தி க்ளாஷ் குழுவினர் 1982இல் ஏதிலிகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் பற்றிச் செய்த ஒரு பாட்டு. வந்தேறிகளைக் கண்டு அஞ்சும் நாடுகளை நோக்கி ஓர் ஈழத்து அகதிப்பெண் அதையே திருப்பி வீசினார். வெள்ளைக்காரக் கூச்சல் என்பவர்கள் இந்த உறுமியை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

வாசிக்கத் தெரிந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில், குடியேறிய கறுப்பர்களையும் ஆசியர்களையும் வெளியேற்ற வேண்டுமென்று முழங்கியவர் எரிக் க்ளாப்டன். கிட்டாரில் அவருக்குத் தெரியாத வித்தை கிடையாது. அந்தப் பேச்சுக்கு மறுப்பாகப் பிறந்ததே 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்' இயக்கம். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் அவ்வியக்கத்துக்காகப் பாடியவர்களுள் தி க்ளாஷும், சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீனின் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் இருந்தனர். பின்னவர் ராகசுத்தமாகப் பாடியதாக எவரும் புகழ்ந்ததில்லை.

'பங்க்' என்பதே ஒரு வசைச்சொல். வசையைப் பெயராகச் சூடிக்கொள்வதற்கும் எங்கள் மண்ணில் முன்னோடி உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் நான்கு பக்க இதழொன்றைத் தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் பெயரை அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டது. பா. ரஞ்சித்தின் நீலமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவில் கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. அவர்களைப் பங்க் என்று முத்திரை குத்த நாங்கள் வரவில்லை. அவர்களுடைய ஊற்று சாவு வீட்டுக் கானா. அதற்கு லண்டன் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அவர்களைக் கேட்டதும் நம்மவர்களிடமிருந்து எழுந்த முணுமுணுப்பு இருக்கிறதே, 'கருத்து சரி, இசையாக இல்லையே' என்பது, அது நமக்குத் தெரிந்த அதே திண்ணைக் குரல்தான். எது இசை என்று தீர்மானிக்கும் காது, யார் இசைக்கலைஞர் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. எங்கள் ஊரில் கோயில் வீதியில் நாதஸ்வரம் 'வாசிக்கிறார்கள்'. பிணத்துக்கு முன் பறை 'அடிக்கிறார்கள்'. இந்த வினைச்சொற்களை வகுத்தவர்கள் யாரென்று சாதி ஒழிப்புக் கவிதைகளை அட்டையில் போடும் நம் இதழ்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியபோது, சபாக்களின் மாதத்துக்குள் பறையும் ஒப்பாரியும் கானாவும் நுழைந்தன. சபா விமர்சனத்துக்குப் பக்கம் ஒதுக்கும் இலக்கிய இதழ்கள் இதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கின என்பதை அவரவர் பழைய இதழ்களைப் புரட்டித் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் 'பிங்க் ஃப்ளாக்'கை முழுக்க ஒலிக்கவிடுகிறோம், பிறகு 'கலா'. ஆட்சேபம் உள்ளவர்கள் அவசியம் வர வேண்டும். முதல் தட்டுக்கு 35 நிமிடங்கள்தான். தனி ஆவர்த்தனத்தின்போது காப்பி குடிக்கப் போய் நாம் திரும்பி வரும் நேரம்.