தொழிலாளர் சட்டம்: வரம்பை உயர்த்த அறிவிக்கை போதும், குறைக்க தில்லியின் ஒப்புதல் தேவை

புதுதில்லி: 29 சட்டங்களை ஒன்றிணைத்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தபோது, அவற்றை ஏற்க மாட்டோம் என்ற குரல் சில மாநிலங்களில் எழுந்தது. மாநில அரசு விதிகளை வகுக்காவிட்டால் சட்டம் முடங்கிவிடும் என்பது அக்குரலின் நம்பிக்கை. அரசமைப்புச் சட்டம் அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை.

தொழிற்சங்கம், தொழில் தகராறு, சமூகப் பாதுகாப்பு, தொழிலாளர் நலன் ஆகியவை பொதுப் பட்டியலில் 22 முதல் 24 வரையிலான இனங்களில் அடங்கும். இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். புதிய விதிகள் வரும்வரை பழைய விதிகள் முரண்படாத அளவுக்குத் தொடரவும் வழியுண்டு.

மாநிலங்களுக்கு எஞ்சியிருப்பது 254(2)-ஆவது பிரிவு. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம், அம்மாநில எல்லைக்குள் மத்தியச் சட்டத்தையும் மிஞ்சும். இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவை என்ற ஏற்பாடு 1976-இல் வந்தபோது, 300 பேருக்குக் குறையாத ஆலைகளுக்கே பொருந்தியது. நாடாளுமன்றம் 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை 100 ஆகக் குறைத்தது. மேற்கு வங்கம் 50 என வகுத்துக்கொண்டது. ராஜஸ்தானோ 2014-இல் 300 ஆக உயர்த்தியது. ஒரே சட்டம், மூன்று அளவுகோல்கள்.

1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம் நீக்கப்பட்டதும் அதற்கான மாநிலத் திருத்தங்களும் உடன் போயின. புதிய தொழிலுறவுத் தொகுப்பில் வரம்பு 300. அல்லது உரிய அரசு அறிவிக்கும் அதனினும் கூடுதலான எண்ணிக்கை. சிக்கல் இந்தக் கடைசிச் சொற்களில்தான் இருக்கிறது. பெரும்பாலான தனியார் ஆலைகளுக்கு 'உரிய அரசு' மாநில அரசே. வரம்பை 500 ஆக்க விரும்பும் மாநிலத்துக்கு ஓர் அறிவிக்கை போதும். சட்டப்பேரவைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பழையபடி 100-க்கு இறக்க விரும்பும் மாநிலமோ மசோதா நிறைவேற்றி, ஆளுநர் வழியே தில்லிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே முடிவெடுக்கிறார் என்பதால், வரம்பை உயர்த்திய அரசிடமே அதைக் குறைக்க அனுமதி கேட்பதாகிறது.

அம்முடிவுக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது 2025 நவம்பர் 20-இல். தொகுப்புகள் அமலானது மறுநாள். ஒப்புதல் கிடைத்தாலும் நிரந்தரமில்லை. அச்சட்டத்தை நாடாளுமன்றம் பின்னர் ரத்து செய்யலாம்.

ஆயினும் விதி வகுக்க மறுத்து அறிக்கை விடுவதைவிட மசோதாவை அனுப்புவதே மேல். 100 முதல் 299 பேர் வரை பணிபுரியும் ஆலைகளில் முன் அனுமதி என்ற காப்பை இழந்த தொழிலாளர்களுக்கு அறிக்கையால் ஆவது ஒன்றுமில்லை. மசோதா சென்றால், ஒப்புதலோ மறுப்போ தாமதமோ, அதற்கான பொறுப்பு தில்லியைச் சேரும்.