கணக்குப் பாடமும் அடுப்படிச் சண்டையும்



மன்னார் தீவிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் மூன்று வாரமாக என் மேசையில் கிடக்கிறது. பதில் தெரியாததால் அல்ல. அவர் கேட்டிருக்கும் கேள்வி ஒன்று. கடிதத்தின் உள்ளே இருக்கும் வேதனை வேறொன்று. கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டால் வேதனை அப்படியே நின்றுவிடும்.

விடயம் இதுதான். அவருடைய மூத்த மகள் தரம் 10இல் படிக்கிறாள். 2025 ரமழானில் பாடசாலையில் கணித ஆசிரியை, மார்ச் 14ஆம் திகதி 'பை' நாள் என்றும், அன்று சில நாடுகளில் பிள்ளைகள் 'பை' என்னும் பண்டம் சுட்டுச் சாப்பிடுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து, இன்று நோன்பு திறக்க நானே ஒன்று சுடுகிறேன் என்று மாவை எடுத்திருக்கிறாள். அவளுடைய உம்மம்மா, வாப்பாவைப் பெற்றவர், "நோன்பு மாதத்தில் வெள்ளைக்காரன் பெருநாளா?" என்று கேட்டு மா டின்னைத் தூக்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளை, "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்று முதல் அந்த மூதாட்டி அவர்களோடு ஒரே ஸஹனில் அமர்ந்து நோன்பு திறக்கவில்லை. பெருநாளுக்குப் பிறகும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"மௌலவி அவர்களே, இது ஹறாமா? மாமி சொன்னது சரியா, மகள் சொன்னது சரியா?" என்று கேட்கிறார்.

முதலில் இந்த நாள் என்னவென்று பார்ப்போம். ஒரு வட்டத்தின் பரிதியை அதன் விட்டத்தால் வகுத்தால் எப்போதும் மூன்றும் கொஞ்சமும் வரும். 3.14 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும் அந்த எண்ணுக்கு 'பை' என்று பெயர். அமெரிக்கர்கள் திகதி எழுதும்போது மாதத்தை முன்னே போடுவார்கள். எனவே மார்ச் 14 அவர்களுக்கு 3/14. 1988இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் எக்ஸ்புளோரட்டோரியம் என்ற விஞ்ஞானக் காட்சியகத்தில் வேலை பார்த்த லரி ஷோ என்பவர் இதைத் தொடங்கினார். பழம் வைத்துச் சுடும் அந்தப் பண்டத்துக்கும் ஆங்கிலத்தில் 'பை' என்றே பெயர். ஓசை ஒன்றாக இருந்ததால் வந்த விளையாட்டு. 2019இல் யுனெஸ்கோ அதே நாளைச் சர்வதேச கணித தினமாக்கியது. இதில் எந்தத் தெய்வமும் இல்லை, எந்த வணக்கமும் இல்லை.

மூதாட்டி சொன்னதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கு மக்கள் விளையாடிக் களிக்கும் இரண்டு நாட்கள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக அல்லாஹ் நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் தந்துவிட்டான் என்று அவர்கள் அறிவித்ததாக அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. ஆகவே மார்க்கத்தில் மூன்றாவது பெருநாள் என்று ஒன்றை யாரும் உண்டாக்க முடியாது. அதைச் சொல்லிக் காக்கும் மூதாட்டிகள் நம் வீடுகளில் இருப்பது பாக்கியம்.

ஆனால் அந்தப் பிள்ளை பெருநாள் ஒன்றையும் உண்டாக்கவில்லை. பாடத்தில் கேட்டதைச் சட்டியில் செய்து பார்க்க ஆசைப்பட்டாள். வணக்கம் வேறு, வழக்கம் வேறு. உணவு, உடை போன்ற வழக்கங்களில் தடை வராதவரை எல்லாம் ஆகுமானதே என்பது நம் பிக்ஹு கிதாபுகளில் ஓதிக்கொடுக்கும் விதி. இதை ஹறாம் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. சில உலமாக்கள் இதைவிட இறுக்கமாகச் சொல்லக்கூடும். என் அபிப்பிராயம் இதுதான்.

இனி அந்த மா டின் விடயத்துக்கு வருவோம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஏதோ நினைவு வந்தாற்போல் சகோதரி இப்படி எழுதியிருக்கிறார்: மாமி 1990இல் கைக்குழந்தையோடு தோணி ஏறிக் கற்பிட்டிக்குப் போனவர். என்னைப் பொறுத்தவரை கடிதமே அந்த வரிதான்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் எனத் தீவின் ஊர்கள் ஒரு வாரத்துக்குள் வெறிச்சோடின. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் உம்மா வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் நிவாரண மா வரும் நாளில் பெண்கள் அதைச் சுண்டு வைத்து அளப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சுண்டு ரொட்டிக்கு, அரைச் சுண்டு கூழுக்கு, மிச்சம் நாளைக்கு. அப்படி அளந்து பிள்ளை வளர்த்த கை அது. அதற்கு மா என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. 2022இல் மாவுக்கும் கேஸுக்கும் நாம் வரிசையில் நின்றபோது நமக்குப் புதிதாக வந்த பயம், அவர்களுக்கு ஏற்கனவே பழகிய பயம். அலுமாரியைப் பூட்டியது மார்க்கப் பற்று மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே மகளே, இதை நீ படிப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். பை சுட ஆசைப்பட்டதில் குற்றமில்லை. "உங்களுக்கு என்ன தெரியும்" என்றது குற்றம். இந்த இதழை மூடிவைத்துவிட்டு முதலில் உம்மம்மாவின் கையைப் பிடி. மற்றதைப் பிறகு படிக்கலாம்.

அவருக்கு என்ன தெரியும் என்று நான் சொல்கிறேன். மன்னாரில் பனையோலைப் பெட்டி இழைத்த பெண்களுக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கம். என் உம்மம்மா வட்டப் பெட்டிக்கு விளிம்பு கட்ட ஓலை வார் வெட்டும்போது, பெட்டியின் வாய்க்குக் குறுக்கே வாரை மூன்று தரம் வைப்பார்; பிறகு இன்னும் கொஞ்சம் விட்டு வெட்டுவார். "மூன்று போதாது, நாலு வீண்" என்பார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

வெள்ளைக்காரன் கணக்கு என்பதும் சரியல்ல. பக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி அவர்கள் கி.பி. 820 அளவில் எழுதிய அல்ஜப்ர் கிதாபில் இந்த எண்ணுக்கு மூன்று பெறுமானங்கள் தருகிறார். அதிலொன்று 3.1416. அது நம் பக்கத்து இந்தியாவில் ஆரியபட்டர் 499இல் சொன்னது. நம் பிள்ளைகள் படிக்கும் அட்சரகணிதத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே அந்தக் கிதாபிலிருந்து வந்தது. அதில் பெரும் பகுதி எதைப் பற்றியது தெரியுமா? வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும். சூரத்துன் நிஸாவில் அல்லாஹ் பெண்ணுக்கு விதித்த பங்கைப் பிசகாமல் பிரித்துக் கொடுக்கக் கணக்கு வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு தெரியாததால் பங்கு இழந்த சகோதரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பிறகு 1424இல் ஸமர்கந்தில் ஜம்ஷீத் அல்-காஷி அவர்கள் இந்த எண்ணைப் பதினாறு தசம தானம் வரை சரியாகக் கணித்தார்கள். பிரபஞ்சத்தின் சுற்றளவை அளந்தாலும் ஒரு குதிரை மயிரின் அகலம்கூடப் பிழைக்கக் கூடாது என்பது அவர்களுடைய நோக்கம். அந்தக் கணக்கை மேற்கில் மிஞ்ச 1596 ஆயிற்று.

திகதிக்கும் ஒரு யோசனை சொல்கிறேன். நாம் நாளை முன்னே எழுதுபவர்கள். பாடசாலையில் நாம் படித்த பை 22/7. நம் முறைப்படி அது ஜூலை 22. அந்த நாளையும் இதற்கென்று சிலர் வைத்திருக்கிறார்கள். இப்போதைய வருடங்களில் ரமழானுக்குள் வராது, பகல் முழுக்க அடுப்படியில் நிற்கலாம், ருசி பார்த்து உப்புப் போடலாம்.

செய்முறையை என் வீட்டில் கேட்டு எழுதுகிறேன். கோதுமை மா 250 கிராம், மாஜரின் 125 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. விரல் நுனியால் உதிர்த்துப் புட்டு மா போல் ஆக்கி, குளிர்ந்த தண்ணீர் நாலைந்து மேசைக்கரண்டி தெளித்துச் சேர்த்தெடுக்க வேண்டும். ரொட்டிக்குப் போல் அடித்துப் பிசைந்தால் இறுகிவிடும். அரை மணி நேரம் குளிர்ச்சியில் வைத்து, பெரிய பாதியைத் தட்டில் பரப்பி, உள்ளே கறி வைத்து, சிறிய பாதியால் மூடி, ஆவி போக நடுவில் கீறிவிடுங்கள். கறி வற்றி ஆறியிருக்க வேண்டும். ஈரமானால் அடி வேகாது. சூரை மீனும் கிழங்கும் நல்ல சேர்மானம். பட்டிஸ் செய்யத் தெரிந்த நம் பெண்களுக்கு இது புதிதல்ல. அதையே எண்ணெயில் போடாமல் பெரிதாகச் சுடுவதுதான். மேற்கில் இந்த மாவுக்குப் பன்றிக் கொழுப்புச் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஆகவே இறக்குமதியான கொழுப்பு டின் என்றால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஓவன் இல்லையென்று கவலை வேண்டாம். போறணை என்ற சொல்லும் பாண் என்ற சொல்லும் 1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயரின் பாஷையிலிருந்து வந்தவை. ஆனால் போறணை இல்லாமலே சுடும் வித்தை நம் பெண்களிடம் இருந்தது. பெரிய சட்டியின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, தகர மூடியின்மேல் சிரட்டைத் தணல் போடுவது. கீழே கொஞ்சம், மேலே அதிகம். எவ்வளவு அதிகம் என்பது உம்மம்மாவுக்குத்தான் தெரியும். சகோதரியே, அந்த வேலையை அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

(ஆண்கள் யாராவது இதைப் படித்தால்: நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்கு வேலை செய்து கொடுப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. தணல் அள்ளுவதும் வேலைதான்.)

நபி (ஸல்) அவர்களுக்கு அயலில் பாரசீகர் ஒருவர் இருந்தார். ஆணம் நன்றாகச் சமைப்பார். ஒருநாள் நபியவர்களை விருந்துக்கு அழைத்தார். ஆயிஷாவும் வரலாமா என்று கேட்டார்கள். அவர் இல்லை என்றார். நபியவர்களும் வர மறுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை அவர் சம்மதித்த பிறகே இருவரும் எழுந்து ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். முஸ்லிமில் வரும் ஹதீஸ். ஒருவரை விட்டுவிட்டு உண்ண அவர்கள் விரும்பவில்லை.

உங்கள் பக்கத்து வீடு கத்தோலிக்க வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு துண்டு அங்கே போகட்டும். 2025 மார்ச் 14 வெள்ளிக்கிழமை. அது அவர்களுக்கும் தபசு காலம், இறைச்சி தொடமாட்டார்கள். எந்த வருடமானாலும் அந்தக் காலத்தில் அனுப்புவதென்றால் மீன் வைத்ததையே அனுப்புங்கள்.

தட்டு ஏழு அங்குல விட்டத்தில் கிடைத்தால் நல்லது. சுடுமுன் விளிம்பைச் சுற்றி ஒரு நூலை வைத்துப் பிள்ளை அளக்கட்டும். இருபத்திரண்டு அங்குலம் வரும். நூலின் மறுமுனையை உம்மம்மா பிடித்துக்கொள்ளட்டும்.

வஸ்ஸலாம்.