கட்டாயம் உழவனுக்கு மட்டும்தானா?

சட்டம் என்றால் இரண்டு பக்கத்தையும் கட்ட வேண்டும். விற்கிறவன் கையைக் கட்டிப்போட்டு விட்டு, வாங்குகிறவன் மட்டும் கை வீசி நடக்கலாம் என்றால் அது சட்டமல்ல, அதிகாரம். நம் நாட்டில் நெல் கொள்முதலின் கதை எண்பது ஆண்டுகளாக அதிகாரத்தின் கதையாகவே இருந்து வருகிறது.

கட்டட வேலை, விசைத்தறி, ஓட்டல், ரயில்வே யார்டு என்று சித்தூருக்கும் திருப்பதிக்கும் பிழைக்க வந்த நமக்கு நெல் விலையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: நாம் ஏன் இங்கு வந்தோம்? ஆரணியிலும் செய்யாறிலும் போளூரிலும் இருந்த முக்கால் ஏக்கர் நமக்குச் சோறு போட்டிருந்தால், பெண்டு பிள்ளைகளோடு ரேணிகுண்டாவில் வந்து இறங்கியிருப்போமா? ஊரில் அப்பா நெல் விற்கிறார். இங்கே மகன் அரிசி வாங்குகிறான். ஒரே குடும்பம் இரண்டு முனையிலும் நிற்கிறது. இரண்டு முனையிலும் இடிபடுகிறது.

கதை எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, ரங்கூன் அரிசி நின்றது. சென்னை மாகாண சர்க்கார் உழவரிடமிருந்து நெல்லைக் கட்டாயமாக எடுத்து ரேஷனில் கொடுத்தது. அன்று சித்தூர் ஜில்லாவும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. 1952-இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் 1955-இல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் வந்தது. தானியம் வைத்திருப்பவர் அதை முழுதுமோ, ஒரு பகுதியோ சர்க்காருக்கு விற்க வேண்டும் என்று ஆணையிட அந்தச் சட்டம் இடம் தருகிறது. அது இன்றும் உயிரோடிருக்கிறது.

1957-இல் ஆந்திரா, சென்னை, மைசூர், கேரளம் நான்கும் ஒரே தென்மண்டலம் ஆயின. 1964-இல் அதை உடைத்து, ஒவ்வொரு மாநிலத்தையும் தனி மண்டலமாக்கினார்கள். திருத்தணி 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். அங்கிருந்து நகரி எவ்வளவு தூரம்? பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் அவை. அவற்றுக்கு நடுவே செக்போஸ்ட் முளைத்தது. நேற்று வரை ஒரே ஜில்லாவில் அக்காள் வீட்டுக்குப் போன அரிசி, இன்று கடத்தல் அரிசி ஆயிற்று! ரயில் பெட்டியில் சீட்டுக்கு அடியில் பத்துப் படி அரிசி வைத்திருந்த கிழவி குற்றவாளி ஆனாள்.

இதைச் சொல்லும்போது நம்மைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். சர்க்கார் தானியம் வாங்கவே கூடாது என்று பேசுகிற வியாபாரிகளின் கட்சியில் நாம் இல்லை. 1965 ஜனவரி 14-ஆம் நாள் தஞ்சாவூரில் இந்திய உணவுக் கழகம் வேலை தொடங்கியது. 1967-இல் தமிழ்நாட்டில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 1983-இல் ஆந்திராவில் என்.டி.ராமராவின் கிலோ இரண்டு ரூபாய் அரிசி என்று ஏழை வீட்டு அடுப்பு எரிந்ததற்குக் கொள்முதல்தான் காரணம். ரேஷன் வேண்டும். ஆனால் அதன் பாரத்தை யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான் நம் கேள்வி.

கேரளத்தில் லெவி உழவர் மீதே விழுந்தது. ஆந்திராவில் பெரும்பாலும் அரிசி மில் மீது. மில்லில் அரைத்த அரிசியில் பாதி, பின்னாளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வரை, சர்க்கார் வைத்த விலைக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் மீதியை வெளியே விற்க அனுமதிச் சீட்டு. மில் முதலாளி இந்தச் சுமையைத் தன் மடியில் கட்டிக்கொண்டாரா? களத்துமேட்டில் நெல்லுக்கு விலை சொல்லும்போதே கழித்துக்கொண்டார். சர்க்கார் மில்லைப் பிடித்தது. மில் உழவனைப் பிடித்தது. உழவனுக்குப் பிடிக்க யாருமில்லை.

பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா? 2011-இல் கோதாவரிக் கரையில், கோனசீமாவில், நீர் பாயும் வயலைத் தரிசாகப் போட்டு 'பயிர் விடுமுறை' அறிவித்தார்கள் தெலுங்கு ரைத்துகள். கூலியும் உரமும் ஏறுகின்றன, நெல் விலை செலவுக்கே கட்டவில்லை, விளைந்ததை வாங்கவும் ஆளில்லை என்பதே அவர்கள் வழக்கு. நாட்டுக்கே சோறு போடுகிறவன் நடவு செய்ய மறுத்தான் என்றால் அதைவிடக் கடுமையான தீர்ப்பு வேறென்ன வேண்டும்?

பிறகு லெவி போயிற்று. 2014 அக்டோபரில் மத்திய சர்க்கார் அதை நூற்றுக்கு 25 என்று குறைத்தது. 2015 அக்டோபரில் அடியோடு எடுத்துவிட்டது. உழவன் விடுதலை அடைந்தானா? அதே 2015-இல் வந்த சாந்தகுமார் குழு அறிக்கை என்ன சொன்னது? குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சர்க்கார் ஏஜென்சிகளிடம் விற்க முடிந்தவர்கள் நாட்டில் நூறு உழவரில் ஆறு பேர்தான் என்றது. மற்றவர்கள் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டியவர்கள்.

2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆந்திரக் கணக்கில் 75 கிலோ மூட்டைக்கு 1,777 ரூபாய் வந்திருக்க வேண்டும். காளஹஸ்தி, நாயுடுபேட்டை, சூலூர்பேட்டை பக்கம் நெல் போடுகிற ஒரு சிறு ரைத்தைக் கேளுங்கள். ஈரப்பதம் 17-க்கு மேல் என்று திருப்புவார்கள். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்பார்கள். மில் வாசலில் 'தருகு' என்று மூட்டைக்குச் சில கிலோ கழிப்பார்கள். குத்தகைக்காரன் என்றால் சாகுபடி அட்டைக்கு நிலக்காரர் கையெழுத்து வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அவர் போடவில்லையென்றால் வியர்வை இவனுடையது, நெல் யாருடையதோ! போட்ட நெல்லுக்காவது பணம் கைக்கு வந்ததா? 2024-இல் ஆந்திராவில் ஆட்சி மாறியபோது, ரைத்துகளுக்குப் பழைய பாக்கியே 1,600 கோடி ரூபாய்க்கு மேல் என்று புதிய சர்க்காரே சொல்லிற்று.

தமிழ்நாட்டிலும் கதை வேறல்ல. 2025 அக்டோபரில் காவிரி டெல்டாவில் கொள்முதல் நிலையங்களின் வாசலில் குவித்த நெல் மழையில் நனைந்து முளைவிட்டது.

கனடா நாட்டிலும் இந்த வழக்கு நடந்தது. 1943 முதல் மேற்குக் கனடாவின் கோதுமை முழுவதும் கோதுமை வாரியத்துக்கே விற்க வேண்டும் என்று கட்டாயம். ஆனால் அங்கே முதலில் ஒரு தொகை கொடுத்து, எல்லாக் கோதுமையையும் விற்ற பிறகு மீதியையும் உழவருக்கே பங்கிட்டார்கள். நம் லெவியில் அந்த மீதி இல்லை. அதிலும் குறை கண்ட சிலர், தம் தானியத்தைத் தாமே எல்லை தாண்டிக் கொண்டுபோனதற்காக 2002-இல் சிறை சென்றார்கள். 2012-இல் கட்டாயம் ஒழிந்தது. 2015-இல் அந்த வாரியத்தின் பெரும்பங்கு அமெரிக்க பங்கி கம்பெனியும் சவூதி முதலீட்டுக் கம்பெனியும் சேர்ந்த கூட்டின் கைக்குப் போயிற்று. கட்டு அவிழ்ந்தது, களஞ்சியம் கைமாறியது! 2020-இல் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தபோது டில்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்த உழவர்கள் அஞ்சியதும் இதைத்தான். 2021-இல் அச்சட்டங்கள் வாபஸ் ஆயின.

ஆக, நம் கையில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. உழவனிடமிருந்து எடுக்க 1955-ஆம் ஆண்டுச் சட்டம். உண்பவனுக்குக் கொடுக்க 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். நடுவே இருக்க வேண்டிய மூன்றாவது சட்டம் எங்கே? அறிவித்த விலைக்குச் சர்க்கார் வாங்கியே தீர வேண்டும் என்ற சட்டம் எங்கே? ஆதரவு விலை இன்றுவரை வெறும் அறிவிப்புதான்; அதைக் காட்டி எந்த உழவனும் உரிமை கோர முடியாது.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். கரும்புக்கு 1966-ஆம் ஆண்டு ஆணையில் 14 நாளில் பணம், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி என்று எழுதியிருக்கிறது. ஆலைகள் அதை மதிக்காதது வேறு விஷயம்; சண்டை போட ஒரு எழுத்தாவது இருக்கிறது. நெல்லுக்கு அந்த எழுத்துகூட இல்லை.

எனவே நாம் கேட்பது இது. ஆதரவு விலையைச் சட்டமாக்கு. அதைச் சாகுபடிச் செலவுக்கு மேல் பாதி சேர்த்து, சுவாமிநாதன் கமிஷன் சொன்னபடி நிர்ணயம் செய். நெல்லுக்கும் பணம் கொடுக்க நாள் குறி. தவறினால் வட்டி கொடு. நிலக்காரர் கையெழுத்து இல்லாமலே குத்தகை உழவனின் நெல்லை வாங்கு.

தோழர்களே, சகோதரிகளே! நெல் விலை ஏறினால் உன் ரேஷன் போய்விடும் என்று நம்மிடம் சொல்வார்கள். ரேஷன் கொடுப்பதால்தான் உனக்கு விலை இல்லை என்று ஊரில் அப்பாவிடம் சொல்வார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும் பொய். அறுவடைக்கு ஊருக்குப் போகும்போது கொள்முதல் நிலையத்துக்குத் தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள். பத்துப் பேராகப் போங்கள். எடைச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கழித்த கிலோவுக்குக் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். இங்கே தெலுங்கு ரைத்துகள் மண்டல ஆபீஸ் முன்பு உட்கார்ந்தால் நாமும் பக்கத்தில் உட்காருவோம். அவர்கள் நெல்லைத்தான் நாம் உண்கிறோம்.

எடுக்கக் கட்டாயம் உண்டு என்றால் கொடுக்கவும் கட்டாயம் உண்டு. அந்த மூன்றாவது சட்டம் வரும்வரை நாம் ஓயப்போவதில்லை.