மூன்று கோப்புகளுக்குள் ஒரு பணிசெயல் முறைமை: எங்கள் பிள்ளைகள் ஏன் அதைத் திறந்து பார்க்க வேண்டும்?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். ஏ.எல். ஐ.சி.டி. செய்யும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவருக்கும் காட்டுங்கள்.

விஞ்ஞானக் கண்காட்சி, புத்தாக்கப் போட்டி என்று எங்கே போனாலும் இப்போது ஒரு சின்ன போர்ட்டைக் காண்கிறோம். அதிலிருந்து நாலைந்து வயர்கள். மண் காய்ந்தால் மோட்டர் ஓடும். தாங்கி நிறைந்தால் நிற்கும். கேஸ் கசிந்தால் போனுக்கு மெசேஜ் வரும். அந்தப் போர்ட் பல வேளைகளில் ஈஎஸ்பி32 ஆக இருக்கும். பிள்ளைகளின் கெட்டித்தனத்தைப் பார்க்க எங்களுக்கும் பெருமைதான்.

ஆனால் அந்தப் போர்ட்டுக்குள் ஒரு முழுப் பணிசெயல் முறைமை ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பணிசெயல் முறைமை என்றதும் விண்டோஸ், அண்ட்ரொயிட் என்றுதான் நினைவு வரும். இது வேறு ரகம். பெயர் ஃப்ரீஆர்டிஓஎஸ். ஆர்டுயினோ மென்பொருளில் "செட்அப்", "லூப்" என்று இரண்டு பகுதிகளை எழுதி ஈஎஸ்பி32க்கு ஏற்றுகிறார்களே, அந்த "லூப்" தனியாக ஓடுவதில்லை. ஃப்ரீஆர்டிஓஎஸ் அதை ஒரு பணியாக எடுத்து, மற்றப் பணிகளோடு சேர்த்து, முறை வைத்து ஓட்டுகிறது. "டிலே" என்று பிள்ளை எழுதும் ஒவ்வொரு தடவையும் இந்த முறைமையிடம்தான், "நான் கொஞ்சம் ஒதுங்குகிறேன், மற்றவருக்கு இடம் கொடு" என்று சொல்கிறது.

அதாவது எங்கள் பிள்ளைகள் தினமும் கையில் வைத்திருக்கும் ஒன்றை, அதன் பெயர்கூடத் தெரியாமல் பாவிக்கிறார்கள். இந்தப் பதிவின் கவலை அதுதான்.

*அது என்ன "நிகழ்நேரம்"?*

நிகழ்நேரப் பணிசெயல் முறைமை என்றால் வேகமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது *சொன்ன நேரத்துக்குள்* வேலையை முடிக்க உதவுவது. கார் மோதியதும் காற்றுப்பை சில பத்து மில்லிசெக்கனுக்குள் விரிய வேண்டும். ஒரு வினாடி பிந்தினால் அது விரிந்தும் பயனில்லை. வட்ஸ்அப் மெசேஜ் ஒரு வினாடி பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் நிகழ்நேரம்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸை 2003ஆம் ஆண்டளவில் ரிச்சர்ட் பெரி என்பவர் தொடங்கினார். 2017இல் அது அமேசன் வெப் சேர்விசஸின் பொறுப்புக்கு வந்தது. அத்தோடு எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் வெளியானது. அந்த உரிமம் சொல்வது சுருக்கமானது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், தன் பொருளில் போட்டு விற்கலாம். உரிமக் குறிப்பை மட்டும் நீக்கக்கூடாது. சல்லி தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை.

ஷங்ஹாயிலுள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனம் ஈஎஸ்பி32ஐச் செய்தபோது அதில் இரண்டு கருக்களை வைத்தது. அப்போதைய ஃப்ரீஆர்டிஓஎஸ் ஒரு கருவுக்காக எழுதப்பட்டது. அவர்கள் அதை எடுத்து, இரண்டு கருக்களுக்கும் பொருந்த மாற்றிக்கொண்டார்கள். திறந்த மூலம் என்றால் இலவசம் என்பது மட்டுமல்ல. *திறந்து பார்க்கலாம், விளங்கினால் மாற்றலாம்* என்பதே அதன் உண்மையான பெறுமதி.

*எவ்வளவு சிறியது?*

இதன் கரு மூன்று சி மொழிக் கோப்புகளில் அடங்குகிறது: டாஸ்க்ஸ், கியூ, லிஸ்ட். இவற்றோடு அந்தந்தச் சிப்புக்கேற்ற ஒரு சிறு பகுதி சேரும். தொகுத்தபின் கரு எடுக்கும் இடம் ஏறத்தாழ 6 முதல் 12 கிலோபைட். காலையில் குடும்பக் குரூப்பில் வரும் ஒரு "குட் மோர்னிங்" படம் இதைவிடப் பல மடங்கு பெரியது!

சிறியது என்பதற்காக இலேசானது என்று சொல்லவில்லை. டாஸ்க்ஸ் கோப்பு மட்டும் பல ஆயிரம் வரிகள். ஆனால் அதில் கணிசமான பகுதி விளக்கக் குறிப்புகள். விண்டோஸின் மூலநிரலை எங்கள் பிள்ளைகள் பார்க்கவே முடியாது. லினக்ஸைப் பார்க்கலாம், ஆனால் அது கடல். இது ஊர்க்குளம். இறங்கிக் குளித்துவிட்டு ஏறி வரலாம்.

*பாடப்புத்தகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?*

உயர்தர ஐ.சி.டி. பாடத்தில் பணிசெயல் முறைமை என்று ஓர் அலகு உண்டு. செயன்முறையின் நிலைகள், செயன்முறைக் கட்டுப்பாட்டுத் தொகுதி, சந்தர்ப்ப நிலைமாற்றல், பட்டியற்படுத்தல் எல்லாம் அதில் வருகின்றன. வட்டம் வட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டு மனனம் செய்கிறார்கள். கடந்தகால வினாத்தாளில் வந்த அதே படத்தை வரைகிறார்கள். புள்ளியும் கிடைக்கிறது. அந்த வட்டங்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பதில் வராது.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அதைக் கையால் தொட்டுக் காட்டலாம். "தயார்" என்ற வட்டம் அங்கே உண்மையான ஒரு பட்டியல். ஒவ்வொரு முன்னுரிமைக்கும் ஒன்று. "காத்திருப்பு" வட்டத்துக்கும் பட்டியல் உண்டு. புத்தகத்திலுள்ள கட்டுப்பாட்டுத் தொகுதி டாஸ்க்ஸ் கோப்பில் ஒரு ஸ்ட்ரக்சராக நிற்கிறது. பணியின் பெயர், முன்னுரிமை, அதன் அடுக்கு எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. கடிகாரத் துடிப்பு ஒன்று வினாடிக்கு 100 தடவையோ 1000 தடவையோ அடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும், "காத்திருந்தவர்களில் யாருக்கு நேரம் வந்துவிட்டது?" என்று முறைமை பார்க்கிறது. தயாராக இருப்போரில் முன்னுரிமை கூடியவருக்கு இடம். சமமானவர்கள் இருந்தால் மாறி மாறி இடம்.

இரண்டு எல்.இ.டி. போதும். ஒன்று 300 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை மின்ன வேண்டும், மற்றது 700க்கு ஒரு தடவை. ஒரே லூப்பில் இதை எழுதப் பிள்ளை திண்டாடும். இரண்டு பணிகளாக எழுதினால் சில வரிகளில் முடிந்துவிடும். பிறகு இரண்டையும் ஒரே கருவில் ஓட விட்டு, ஒன்றின் முன்னுரிமையைக் கூட்டி, அதன் காத்திருப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். மற்ற விளக்கு அப்படியே உறைந்து நிற்கும். முன்னுரிமை கூடியவர் இடம் விடாவிட்டால் குறைந்தவர் பட்டினி கிடப்பார் என்பதை எந்த நோட்ஸும் இதைவிடத் தெளிவாகச் சொல்லித் தராது.

*செவ்வாய்க் கிரகத்தில் நடந்த ஒன்று*

"இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டுத்தானே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாறு.

1997 ஜூலை 4இல் நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி திரும்பத் திரும்பத் தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. அதில் ஓடியது விஎக்ஸ்வேர்க்ஸ் என்ற வேறொரு நிகழ்நேர முறைமை. அது வணிக மென்பொருள், ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

என்ன நடந்தது என்பதைப் பாடசாலை மொழியில் சொல்கிறோம். ஒரு போட்டோகொப்பி மெஷின். கனிஷ்ட ஆசிரியர் ஒருவர் அதைப் பிடித்து வேலை செய்கிறார். அதிபருக்கு அவசரமாக ஒரு கடிதம் பிரதி எடுக்க வேண்டும். மெஷின் விடுபடும் வரை காத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பகுதித் தலைவர் வந்து, கனிஷ்ட ஆசிரியரை வேறொரு நீண்ட வேலைக்குக் கூட்டிப் போகிறார். மெஷினும் விடுபடவில்லை, வேலையும் நடக்கவில்லை. பகுதித் தலைவருக்காக அதிபரே காத்து நிற்கிறார். முன்னுரிமை தலைகீழாகிவிட்டது!

பாத்ஃபைண்டரில் கனிஷ்ட ஆசிரியரின் இடத்தில் இருந்தது வானிலைத் தரவு சேகரிக்கும் பணி. அதிபரின் இடத்தில் தரவுப் பாதையை நிர்வகிக்கும் பணி. நடுவில் புகுந்தது நடுத்தர முன்னுரிமை கொண்ட தொடர்பாடல் பணி. மேலுள்ள பணி நேரத்துக்கு முடியவில்லை என்று கண்டதும் முறைமை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்தது.

பூமியிலிருந்த பிரதிக் கருவியில் பொறியியலாளர்கள் அதே பிழையை உண்டாக்கிப் பார்த்தார்கள். மருந்து எளிமையானது. மெஷினைக் கையில் வைத்திருக்கும் வரை கனிஷ்ட ஆசிரியருக்கு அதிபரின் அந்தஸ்தைக் கொடுத்துவிடுங்கள், பகுதித் தலைவரால் அவரை இழுத்துப் போக முடியாது. இதற்குப் பெயர் முன்னுரிமை மரபுரிமை. அந்த வசதி முறைமையில் ஏற்கனவே இருந்தது, அந்த இடத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து மாற்றத்தை அனுப்பி அதை இயங்க வைத்தார்கள். கோளாறு தீர்ந்தது.

அதே மருந்து ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மியூடெக்ஸிலும் இருக்கிறது. கியூ கோப்பையும் டாஸ்க்ஸ் கோப்பையும் திறந்தால் வாசிக்கலாம். செவ்வாய்க்குப் போன கருவியைக் காப்பாற்றிய யோசனையை, எங்கள் ஊரில் பன்னிரண்டாந்தரம் படிக்கும் ஒரு பிள்ளை தன் மேசையிலிருந்தே வரி வரியாகப் பார்க்கலாம். இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறென்ன?

*"ஆனால்…" என்பவர்களுக்கு*

"இது பரீட்சைக்கு வராதே?" ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற பெயர் வராது. ஆனால் நிலைமாற்றமும் பட்டியற்படுத்தலும் வரும். கண்ணால் கண்ட பிள்ளை அதை மறக்காது.

"போர்ட் வாங்கக் காசு?" போர்ட் இல்லாமலும் தொடங்கலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடக்கூடிய வடிவங்கள் இதற்கு உண்டு. அவற்றில் துல்லியமான நேரம் கிடைக்காது. ஆனால் பணிகள் மாறுவதைப் படிக்க அவை போதும். ஐ.சி.டி. கூடத்திலிருக்கும் பழைய கணினியே காணும்.

"இது கெம்பஸ் பாடம் அல்லவா?" முழுவதும் வாசிப்பது கெம்பஸ் வேலைதான். இங்கே கேட்பது நாலைந்து செயற்கூறுகளை மட்டும். ஒரு பணி எப்படிப் பிறக்கிறது, எப்படிக் காத்திருக்கிறது, எப்படி இடம் மாறுகிறது. சுட்டி, பட்டியல் என்ற இரண்டும் விளங்கிய பிள்ளைக்கு அது எட்டும்.

"ஆங்கிலம்?" இதுதான் உண்மையான தடை. ரிச்சர்ட் பெரி எழுதிய வழிகாட்டி நூல் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை முதல் பக்கத்திலேயே திரும்பி விடுகிறது. இந்தத் தடையை உடைப்பது பிள்ளையின் பொறுப்பு மட்டுமல்ல. எங்கள் எல்லோருடைய பொறுப்பு.

*என்ன செய்யலாம்?*

ஆசிரியர்களே, பணிசெயல் முறைமை அலகில் இரண்டே இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்குவோம். அந்த நாலைந்து செயற்கூறுகளுக்கும் தமிழில் குறிப்பு எழுதுவோம். பிள்ளைகளையே எழுத வைத்தால் இன்னும் நல்லது.

பழைய மாணவர்களே, உங்களில் இலத்திரனியல், கணினிப் பொறியியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். உள்ளூரிலும் இருக்கிறீர்கள், வெளிநாட்டிலும் இருக்கிறீர்கள். பாடசாலைக்கு இன்னொரு பெரிய திரை வாங்கித் தரும் முன், மாதம் ஒரு மணித்தியாலம் சூமில் வந்து ஒரு கோப்பைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். திரை சில வருடங்களில் பழுதாகும். வாசிக்கப் பழகிய பிள்ளை பழுதாகாது.

போட்டிகளுக்கு நடுவர்களாக வருபவர்களே, "இது எவ்வளவு தூரம் வேலை செய்யும்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் வந்தால் எது முதலில் நடக்கும்? ஏன்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அடுத்த வருடம் முழு மண்டபத்தையும் மாற்றும்.

பெற்றோர்களே, மகனோ மகளோ மோட்டர் ஓடுவதைக் காட்டினால் மாஷா அல்லாஹ் சொல்லுங்கள். அதோடு, "இது உள்ளே எப்படி நடக்குது?" என்றும் கேளுங்கள். உங்களுக்குப் பதில் விளங்க வேண்டும் என்றில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

யாரோ செய்த பெட்டியை வாங்கி, யாரோ எழுதிய நிரலை ஒட்டி, பரிசு எடுப்பது ஒரு தொடக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் அந்தத் தொடக்கத்திலேயே நின்றுவிடக்கூடாது. பெட்டி பூட்டியிருந்தால் அது வேறு கதை. இது திறந்தே கிடக்கிறது.

உங்கள் கருத்துகளைக் கீழே எழுதுங்கள். தமிழ்க் குறிப்பு எழுத முன்வருபவர்கள் "நான் வருகிறேன்" என்று ஒரு சொல் போட்டால் போதும். இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.