அறுக்க மெஷின் வந்தது, காயவைக்க?

கொள்முதல் நிலையத்துத் தம்பி ஒரு கை நெல்லை ஈரப்பதமானியில் போட்டு என் பக்கம் திருப்பினார்: 21. "17-க்குள்ள இருந்தாத்தான் எடுக்க முடியும் சார். காயவெச்சுக் கொண்டாங்க."

போன ஐப்பசி அது. எங்கே காயவைப்பது? ஊருக்கு ஒரே களம், அதிலும் நாலு பேர் நெல். மற்றவர்களுக்குத் தார்ச்சாலைதான். பகலில் பரப்பிக் காலால் துழாவிவிட்டு, கிழக்கே கறுத்தால் கூட்டிக் குவித்துப் படுதா போடுவோம். மூன்றாம் நாள் படுதாவைத் தூக்கினால் அடியில் ஆவி. கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. அள்ளியதில் பாதிக்கு வெள்ளை முளை.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஈர நெல்லை அடுக்கினால் கிடங்கில் கெடும், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அப்பா காலத்தில் ஆள் வைத்து அறுத்து, அரி அரியாக வயலிலேயே போட்டு, வெயில் காட்டிக் கட்டு கட்டுவார்கள். களத்துக்கு வருமுன் நெல் தாளிலேயே பாதி காய்ந்திருக்கும். இப்போது பெல்ட் மெஷின் இறங்கினால் பச்சைத் தாளிலிருந்து நெல் நேரே டிராக்டரில் கொட்டுகிறது. ஈரம் அப்படியே. ஆள் கிடைக்காத ஊரில் மெஷின் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அறுவடையை மாற்றியவர்கள் அதற்கு அடுத்த வேலையை அப்பா காலத்திலேயே விட்டுவிட்டோம்.

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். தெரிந்த கதைதான். ஆனாலும் மழை பெய்த பிறகுதான் கோரிக்கை, டெல்லிக் குழு, மாதிரி எடுப்பு எல்லாம். 2022-ல் 19 சதவீதம் வரை தளர்த்தினார்கள். அதுவரை நெல் காத்திருக்குமா?

உணவுப் பாதுகாப்பு என்றால் விதையையும் ஏற்றுமதியையும்தான் பேசுகிறோம். விதைக்குக் குறையில்லை. ஆடுதுறையில் 1922 முதல் ஆராய்ச்சி நடக்கிறது. பொன்மணியின் சப்-1 ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் தப்பும். வயலில் மூழ்கிய பயிரைக் காப்பாற்றத் தெரிந்த விஞ்ஞானம் படுதாவுக்கு அடியில் வரவில்லை. ஏற்றுமதி? 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டு, 2024 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். உள்ளூரில் விலை ஏறக் கூடாதாம். சரி, வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் நம் ஆட்கள்தான். துறைமுகத்தில் அரிசியை மறித்தவர்கள் ரோட்டோரத்தில் முளைக்கிற நெல்லையும் கணக்கில் சேர்க்கட்டும்.

நாலைந்து நிலையங்களுக்கு ஒரு உலர்த்தி வையுங்கள், உமியில் ஓடுகிற மாதிரி. டெல்டாவில் உமிக்கா பஞ்சம்? அரிசி ஆலைகளில் ஏற்கெனவே இருப்பதுதான், புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டாம். அது வரும்வரை, ஈர நெல்லைத் திருப்பி அனுப்பாமல் ஈரத்துக்குத் தக்கபடி எடை கழித்து வாங்கி, ஆலையில் உலர்த்திக்கொள்ளட்டும். 21-லிருந்து 17-க்குக் காய்ந்தால் 100 கிலோவுக்கு 5 கிலோதான் குறையும். என் ஒன்றரை ஏக்கரில் 80 சிப்பம்; கழித்தால் 4 சிப்பம் போயிருக்கும். முளைத்துப் போனது 11.

மிச்சத்தை ஆறாம் நாள் ஏற்றிப் போனேன். 16.8 காட்டியது. சாக்கு தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாங்க என்றார் தம்பி.