காதுதான் கண்!

போர்ப் படம் என்றாலே குண்டுச் சத்தம் காதைப் பிளக்கும். நீர்மூழ்கிக் கப்பல் படங்கள் நேர் எதிர். மேலே எதிரியின் கப்பல் சுற்றிக்கொண்டிருக்க, கீழே ஒரு ஸ்பேனர் கை தவறி விழுந்தாலும் ஆபத்து. வெளியே பார்க்க ஜன்னல் கிடையாது. காதுதான் கண்!

பழைய படங்களில் 1957-ல் வந்த ‘தி எனிமி பிலோ’ பாருங்கள். மேலே அமெரிக்கக் கேப்டன், கீழே ஜெர்மன் கேப்டன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சதுரங்கம் ஆடுவார்கள்.

இந்த வகையின் உச்சம், 1981-ல் வுல்ஃப்கேங் பீட்டர்சன் இயக்கிய ஜெர்மன் படம் ‘தாஸ் பூட்’. எதிரியின் சோனார் ஒலி ‘டிங்... டிங்...’ என நெருங்க நெருங்க, மாலுமிகள் மூச்சைப் பிடித்தபடி அண்ணாந்து பார்ப்பார்கள். மேலே இருப்பது வெறும் இரும்புக் கூரை! இருந்தாலும் நாமும் அண்ணாந்து பார்ப்போம். அவர்கள் ஹிட்லரின் கடற்படையினர் என்பதே அந்த நேரத்தில் மறந்துவிடும். நீர்மூழ்கிகளில் போன 40,000 ஜெர்மானியர்களில் 30,000 பேர் திரும்பவில்லை என்று படம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள்.

1995-ல் வந்த ‘க்ரிம்ஸன் டைட்’டில் பிரச்னையே ஒலி நின்றுபோவதுதான். மேலிடத்துச் செய்தி பாதியில் அறுந்துவிடும். அணு ஏவுகணையை ஏவுவதா, பொறுப்பதா? டென்ஸல் வாஷிங்டனும் ஜீன் ஹேக்மேனும் முட்டிக்கொள்வார்கள்.

நம்மூர் சரக்கு, 2017-ல் ராணா நடித்த ‘காஸி’. 1971 போரில் விசாகப்பட்டினம் அருகே பாகிஸ்தானின் காஸி மூழ்கிய கதை. படத்தில் அதை வீழ்த்துவது நம் நீர்மூழ்கி. ஆனால் இந்தியக் கடற்படை சொல்வது, வீழ்த்தியது ‘ராஜ்புத்’ போர்க்கப்பல் என்று. பாகிஸ்தானோ இதை ஏற்பதில்லை. காஸியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை என்பது மட்டும் இரு தரப்புக்கும் பொது.

கடைசியாக, 2018-ல் வந்த ‘கர்ஸ்க்’. 2000 ஆகஸ்டில் ரஷ்ய நீர்மூழ்கி வெடித்து மூழ்கியது. அதில் இருந்த 118 பேரில் 23 பேர் கடைசி அறையில் உயிரோடு இருந்தார்கள். இருட்டில் ஓர் அதிகாரி எழுதிவைத்த குறிப்பு அதைச் சொன்னது. யாரையும் காப்பாற்ற முடியவில்லை. மற்ற படங்களில் சத்தம் வெளியே கேட்டால் சாவு. இதில், சுவரைத் தட்டுகிற சத்தம் யாருக்காவது கேட்காதா என்ற தவிப்பு. மனசைப் பிசைகிறது.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க ‘காஸி’யில் தொடங்குங்கள். ‘தாஸ் பூட்’ நீளமான படம், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போனில் பார்ப்பவர்கள் ஹெட்போனை மறக்காதீர்கள். பாதிப் படம் அதில்தான் இருக்கிறது!